பின்கட்டுச் சுவரில் ஒரு பட்டறை

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள சுப்ரா,

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தாயிற்று, தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் வீடு பிடித்துப்போயிற்று என்று படித்து நிம்மதியானேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே எல்லோரும் சுகம். சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. துணி காயவில்லை என்பதுதான் வீட்டில் தினசரிப் பேச்சு.

லயத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருந்தது, இங்கே ஒரு மேசை போடக்கூட இடமில்லை, மரவேலைச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. இருபதுக்கு அறுபது அடி வீட்டிலும் மரவேலைக்கு வழி உண்டு. ஆனால் தோட்டத்தில் செய்த மாதிரி மேசையைப் போட்டு அதைச் சுற்றிச் சாமானைப் பரப்பும் வேலை இங்கே நடக்காது. காலையில் பட்டறையாக இருக்கும் இடம் சாயங்காலம் துணி காயப்போடவும், பாத்திரம் கழுவவும் தங்கச்சி கைக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்படித் திரும்பக் கொடுக்கிற மாதிரி அமைத்தால்தான் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நீயும் தொடர்ந்து வேலை செய்வாய்.

எந்த இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்கட்டுதான். முன் போர்ச்சில் கார் நிற்கும், சாரல் அடிக்கும், சாமானைத் தெருவே பார்க்கும். பின்கட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை என்றால், போடுவதற்கு முன் மஜ்லிஸில், அதாவது ஊராட்சி மன்றத்தில், அனுமதி வாங்கிவிடு. பின்சந்தை மறித்து எதையும் கட்டாதே.

நீ பயப்படுவது மெஷினுக்கு இடம் வேண்டுமே என்று. உண்மையில் இடத்தைத் தின்பது மரம்தான். எட்டடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, ஆக பதினாறடி நேர்கோடு வேண்டும். மெஷின் இரண்டடிதான் இருக்கும். அதனால் நீளப் பலகையை அறுக்கும்போது மட்டும் ரம்பத்தைப் பின்வாசலுக்கு நேராக நகர்த்திக்கொள். பலகையின் வால் சமையலறைக்குள் இருக்கும், தலை முற்றத்துக்குப் போகும். சமையல் முடிந்த நேரமாகப் பார்த்துச் செய். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கும்போது பலகையை உள்ளே நீட்டவே கூடாது.

முழுப் பிளைவுட்டை மேசைமேல் ஏற்றப் பார்க்காதே. நாலுக்கு எட்டடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒற்றை ஆளாகத் தூக்கினால் முதுகு பிடிக்கும், வெட்டும் கோணலாகும். இரண்டங்குல போலிஸ்டிரீன் அட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைக் கிடத்தி, கைச் சுற்றுரம்பத்தால் அறு. பிளேடு பலகையின் தடிப்பைவிட 3 அல்லது 4 மில்லி மட்டும் கீழே நீட்டட்டும். பலகையின் இரு பக்கமும் முழுதாகத் தாங்கப்படுவதால் கடைசி ஓரம் ஒடிந்து விழாது, பிளேடும் இறுகாது. நேரான பட்டி ஒன்றைக் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வைத்துக்கொள். கைச் சுற்றுரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டும், அதனால் சில்லு பெயர்வது மேல்பக்கத்தில்தான். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறு. ஏழேகால் அங்குலப் பிளேடு என்றால் 40 பல் உள்ளதாக வாங்கு. கட்டைக்கு வரும் 24 பல் பிளேடு பிளைவுட்டைக் கடித்துக் குதறிவிடும்.

இனி மேசை. சுவரோடு மடியும் மேசைதான் உனக்குச் சரி. ஒரே ஒரு 18 மில்லி பிளைவுட்டில் முழுவதும் முடியும், கணக்கைப் பார். 1220க்கு 2440 தாளை நீளவாக்கில் இரண்டாக அறு. பிளேடு தின்றது போகத் தலா 608 மில்லி வரும். இந்த முதல் வெட்டை ஹார்ட்வேர் கடையிலேயே போடச் சொன்னால் காரில் ஏற்றவும் சுலபம். ஒரு பாதியில் 1200க்கு 600 அளவில் இரண்டு துண்டு எடுத்து, பசை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டு. இது 36 மில்லி தடிப்புள்ள மேற்பலகை, ஏறக்குறைய 15 கிலோ. மறு பாதியில் 600 உயரம், 450 அகலத்தில் மடக்குக்கால் இரண்டு. மிச்சத்தில் 1200 நீளம், 100 அகலத்தில் ஐந்து பட்டிகள். அதற்கும் மேலே ஒரு சின்ன அலமாரித் தட்டு தேறும்.

சுவரில் படுக்கையாக ஒரு மெராந்திக் கட்டை, மூன்றுக்கு இரண்டு. மூன்றங்குலப் பக்கம் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் முகம் தரையிலிருந்து 860 மில்லியில் இருக்கட்டும், உன் உயரத்துக்கு அது பொருந்தும். மேற்பலகையின் பின் ஓரத்தை, முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீலால் இந்தக் கட்டையின் முன் ஓரத்தில் மாட்டு. கட்டைக்குக் கீழே, மேற்பலகையின் இரு ஓரத்திலிருந்தும் 100 மில்லி உள்ளே தள்ளி, நிற்கும் கட்டை இரண்டு, இரண்டுக்கு இரண்டு. மடக்குக்கால்கள் அவற்றில் கீல் போட்டு உட்பக்கமாக மடியும். நடுவில் 1000 மில்லி இருக்கிறது, இரண்டு காலும் சேர்ந்து 900, ஒன்றோடொன்று முட்டாது.

படுக்கைக் கட்டையை மூன்றங்குலமாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிற்கும் கட்டை இழைத்தபின் 45 மில்லி, அதன் முன்னால் மடிந்து கிடக்கும் கால் 18, கீலின் தடிப்பு 3, ஆக 66. மேற்பலகையின் கீல் அதைவிட முன்னால் இருந்தால்தான் பலகை செங்குத்தாகத் தொங்கும். பலரும் எல்லாவற்றுக்கும் இரண்டுக்கு இரண்டு கட்டையே போட்டுவிடுகிறார்கள். பலகை காலில் முட்டிச் சாய்ந்து நிற்கும், நாளடைவில் கீல் ஸ்குரூவைப் பிடுங்கிக்கொண்டு வரும். நான் சொன்ன கணக்கில் மடக்கினால் சுவரிலிருந்து நாலரை அங்குலம்கூட நீட்டாது. துணிக்கொடி கட்ட இடம் மிச்சம்.

இன்னொன்று, பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை விட்டுவிடவே கூடாது. மேசை விரித்திருக்கும்போது யாராவது காலைத் தட்டினால் மடக்குக்கால் மடிந்து 15 கிலோ பலகை விழும். மேற்பலகையின் அடியில், கால் வந்து நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் அரை அங்குலக் கட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி ஸ்குரூ போட்டுவிடு. கால் அந்த இடுக்கில் உட்காரும். வெளிப்பக்கத் துண்டு அப்படியே இருக்கட்டும், உள்பக்கத் துண்டில் இடுக்கைப் பார்க்காத முகத்தை மட்டும் கொஞ்சம் சாய்வாகச் சீவி வை, உள்ளிருந்து விரியும் கால் ஏறி உட்கார அதுதான் வழி. பலகையை அரை அங்குலம் தூக்கினால் ஒழிய எந்தப் பக்கமும் நகராது.

சுவரில் ஓட்டை போடுவதில் அவசரப்படாதே. தாமான் வீட்டுச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், மேலே பூச்சு. 8 மில்லி கல் துளைக்கும் பிட்டால் 60 மில்லி ஆழம் போ. ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும். பூச்சில் நிற்கும் பிளக் ஒரு வாரம் தாங்கும், பிறகு பொடியோடு கழன்று வரும். துளைக்கும்போது வரும் தூள் சாம்பல் நிறமாகவே வந்தால் நீ கலவை இணைப்பில் இருக்கிறாய், ஒரு அங்குலம் தள்ளிப் போடு. செங்கல் என்றால் தூள் சிவப்பாக வரும். கரண்டு பிளக் பாயிண்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதே, சுவருக்குள் வயர் அந்த வழியாகத்தான் ஓடும். சுவர் மேடு பள்ளமாக இருந்தால் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய சீவல் கொடுத்துச் சமப்படுத்திவிட்டு இறுக்கு. அப்படியே இறுக்கினால் கட்டை வளைந்து பியானோ கீல் சிக்கும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரில் மேசை வேண்டாம். நீ உளியைத் தட்டும் ஒவ்வொரு தட்டும் அவர்கள் வீட்டுக்குள் கேட்கும். சமையலறையின் பின்சுவரையே எடுத்துக்கொள்.

மீதியுள்ள ஐந்து பட்டிகள் சாமான் மாட்ட. ஒவ்வொன்றையும் நடுவில் 45 டிகிரி சாய்வாக நீளவாக்கில் பிள. ஒரு பாதி சுவரில், கூர் முனை மேலே, சாய்வு சுவரைப் பார்த்து. மறு பாதி பெட்டியின் முதுகில் தலைகீழாக. பெட்டியைத் தூக்கி மாட்டினால் தன் கனத்திலேயே சுவரோடு இறுகும், தூக்கினால் வந்துவிடும். டிரில்லுக்கு ஒரு பெட்டி, உளிக்கு ஒரு பெட்டி, கிளாம்புக்கு ஒரு தட்டு என்று செய்துகொண்டால் வேலைக்குத் தகுந்த மாதிரி இடம் மாற்றலாம். எதையும் தரையில் வைக்காதே. பெட்டிக்கும் தரைக்கும் நடுவே ஆறங்குலமாவது வெளிச்சம் தெரியட்டும். துடைப்பம் போகும், கரையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படும்.

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மேசையில் நிரந்தரமாக முடுக்கினால் மேசை மடியாது. ஒரு பிளைவுட் துண்டில் வைஸை முடுக்கி, வேண்டும்போது மடக்குக்காலுக்கு நேர் மேலே கிளாம்ப் போட்டுக்கொள்.

கரண்டு விஷயத்தில் நீ வயர்மேனைக் கூப்பிட்டே ஆக வேண்டும், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்தவராகப் பார். பின்கட்டில் விளக்கு மட்டும்தான் இருக்கும், அதிலிருந்தே ஒரு பிளக் இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. விளக்குக்கு ஓடுவது 1.5 சதுர மில்லி வயர். சுற்றுரம்பம் 1,200 வாட், தூசி உறிஞ்சும் வேக்குவம் இன்னொரு 1,200 வாட் என்றால் 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு. பிரேக்கர் விழும். விழுகிறதே என்று பெரிய பிரேக்கரை மாற்றினால் பிறகு வயர்தான் காயும். வீடு பற்றிக்கொள்வது அப்படித்தான். மெயின் கரண்டுப் பெட்டியிலிருந்து தனியாக 2.5 வயர், 20 ஆம்பியர் பிரேக்கர், கரண்டு கசிந்தால் அறுத்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. ஈரத் தரை என்று வயர்மேனிடம் சொல், அவர் 10 மில்லியாம்பியர் போடச் சொன்னால் மறுக்காதே. சுருள் எக்ஸ்டென்ஷனை எப்போதும் முழுதாக அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்து, சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடு தேங்கி இன்சுலேஷன் உருகும்.

கேஸ் தோங், அதாவது கேஸ் சிலிண்டர், பின்கட்டில் இருக்கிறதா? அப்படியானால் கிரைண்டர் அங்கே ஓடக்கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். தின்னர், வார்னிஷ் டப்பாவும் அங்கே வேண்டாம். இரும்பு அறுப்பதை முன்பக்கம் திறந்த வெளியில் வைத்துக்கொள், ஆனால் காரைத் தள்ளி நிறுத்து. பொறி கண்ணாடியில் பட்டால் அப்படியே உருகி ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. பக்கத்து வீட்டுக் கார் என்றால் சொல்லவே வேண்டாம். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் அமிழ்த்து.

தோட்டத்தில் பழைய ரப்பர் மரம் வெட்டுகிறார்கள், கட்டை சும்மா தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆசை எனக்கும் புரிகிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, நம் ஆட்களின் வாழ்க்கையே அந்த மரத்தோடு பிணைந்தது. அதில் ஒரு நாற்காலி செய்து வைக்க வேண்டும் என்று எனக்கும் உண்டு. ஆனால் பச்சைக் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவராதே. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், பக்கத்தில் உள்ள மரத்துக்கும் பரவும். ஆலையில் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையாக வாங்கு. இழைக்க நன்றாக இருக்கும், வெளிறிய நிறம், பசையும் நன்றாகப் பிடிக்கும். வெயில் மழைக்கு மட்டும் ஆகாது.

துருவுக்கு: வேலை முடிந்ததும் உளி, இழைப்புளித் தகடு இரண்டையும் காய்ந்த துணியால் துடைத்து மெல்லிய மெஷின் எண்ணெய் பூசு. கைவியர்வை உப்புதான் முதலில் துருவைக் கிளப்பும். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது சூடுகாட்டி மறுபடி வை. வெளிச்சத்துக்கு மேசைக்கு இடப்பக்கம் ஒரு எல்இடி பட்டி போதும். சத்தமுள்ள வேலையை மத்தியானத் தூக்க நேரத்திலும், மக்ரிப் தொழுகை வேளையிலும் வைத்துக்கொள்ளாதே. அக்கம்பக்கம் முகம் கொடுத்துப் பேசும் தாமான் அது, அப்படியே இருக்கட்டும்.

பின்சுவரின் நீள உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக்கும் தண்ணீர்க் குழாயும் கேஸ் தோங்கும் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. கட்டை எங்கெங்கே வரும், ஓட்டை எத்தனை என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை பிளைவுட் வாங்காதே. அம்மாவின் முட்டியைப் பற்றியும் மறக்காமல் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்
வேலு