மூன்று வட்டங்களோடு நிறுத்திவிடாதீர்கள்

பள்ளிக் கணிதப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு,

வணக்கம். ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்டால், வழக்கமாக மூன்று வட்டங்களை வரைந்து, அவை வெட்டும் இடத்தில் ஒரு பொட்டு வைத்து முடித்துவிடுகிறோம். படம் அழகுதான். ஆனால் நான்காவது செயற்கைக்கோள் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டால் அந்தப் படத்தில் பதில் இல்லை.

பதில் கடிகாரத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம். கைப்பேசியில் சாதாரண குவார்ட்ஸ். சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித்தான் தூரம் கணக்கிடுகிறோம். கைப்பேசிக் கடிகாரம் 1 மைக்ரோநொடி பிசகினால் தூரம் சுமார் 300 மீட்டர் பிசகும். நல்லவேளையாக, எல்லாத் தூரங்களிலும் அதே 300 மீட்டர்தான். ஆகவே அந்தப் பிழையையும் தெரியாத மதிப்பாக வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு மூன்று, பிழைக்கு ஒன்று, ஆக நான்கு.

இதைத் தளத்தில் போட்டுப் பார்த்தால், இடத்துக்கு இரண்டு, பிழைக்கு ஒன்று என்று, செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக மூன்று நிலையங்களே போதும். அவை (0, 0), (3, 0), (0, 8) என்ற புள்ளிகளில் இருக்கட்டும். கருவி காட்டும் தூரங்கள் முறையே 7, 6, 7. கடிகாரப் பிழையால் ஒவ்வொன்றிலும் ‘ப’ அளவு கூடுதல். வட்டச் சமன்பாடுகளை எழுதி, முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வர்க்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், வடக்குத் தூரம் 4 என்று வந்துவிடுகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிழக்குத் தூரம் (11 − ப)/3. சரி, இவற்றை முதல் சமன்பாட்டில் போட்டால்?

ப² − 13ப + 22 = 0

ப = 2 அல்லது 11. பிழை 2 என்றால் இடம் (3, 4). உண்மைத் தூரங்கள் 5, 4, 5. பிழை 11 என்றால் தூரங்கள் −4, −5, −4. தூரம் குறையெண்ணாக இருக்க முடியாதே! வர்க்கப்படுத்தியபோது உள்ளே நுழைந்த போலித் தீர்வு அது.

ஸ்டீபன் பான்கிராஃப்ட் 1985இல் வெளியிட்ட ஜிபிஎஸ் தீர்வும் கடைசியில் ஓர் இருபடிச் சமன்பாட்டில்தான் போய் நிற்கிறது. வேகத்தாலும் ஈர்ப்பாலும் செயற்கைக்கோள் கடிகாரத்தில் வரும் மாற்றத்தைச் சரிசெய்யும் சார்பியல் திருத்தத்தை இயற்பியல் வகுப்பு பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் இந்த ஒரு கணக்கைச் சேருங்கள், சூத்திரம் தராமல். அப்புறம், 11ஐ ஏன் ஒதுக்கினோம் என்று எழுதுவதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்