இருபது எங்கள் ரோட்டின் எண்: இருபது செக்கு வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

தேங்காய்ப் பருப்பு விலையைப் பற்றியும் நம்ம டெலிவரி வண்டியைப் பற்றியும் இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சங்கதிக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பில்லில் 'எஸ்.எச்.20, மேட்டூர் ரோடு, அம்மாபேட்டை' என்று முகவரி இருக்கும். எஸ்.எச். என்றால் ஸ்டேட் ஹைவே, மாநில நெடுஞ்சாலை. டின்னிலும் '20' என்று பச்சை மையில் பெரிதாகப் போட்டிருப்போம். இந்தப் பில்லைப் படம் எடுத்து, 'எஸ்.எச்.20 என்று ஒரு ரோடே இப்போது கிடையாது, இது போலி முகவரி' என்று ஒருவர் போட்டிருக்கிறார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டே நாளில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. 'டின்னில் இருக்கும் இருபது, நூற்றுக்கு இருபது பங்கு பாமாயில் கலப்பு என்பதற்கான அடையாளம்' என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். ஈரோட்டில் எங்களிடம் பதினைந்து வருடமாக எண்ணெய் வாங்கும் ஒரு அக்கா போன் செய்து, "ஏனுங்க தம்பி, நிசமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலப்பு கிடையாது. இருபது பங்கும் இல்லை, ஒரு பங்கும் இல்லை. நாங்கள் ஆட்டுவது மூன்றே எண்ணெய்: கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடுவோம். அதை எல்லோருக்கும் தெரிய வாசலில் வைத்தேதான் போடுகிறோம். எள்ளு சிவகிரி ஏலத்தில் எடுப்பது, தேங்காய்ப் பருப்பு பெருந்துறையிலோ அவல்பூந்துறையிலோ எடுப்பது. ஏலச் சீட்டுகள் கல்லாப் பெட்டிக்குக் கீழே கட்டுக் கட்டாக இருக்கின்றன, யார் கேட்டாலும் காட்டுவேன். உங்கள் வீட்டுக் கடலையைக் கொண்டுவந்தால் உங்கள் கண் முன்னாலேயே ஆட்டித் தருகிறோம். புண்ணாக்கையும் நீங்களே எடுத்துப் போகலாம்.

சரி, அப்படியானால் இருபது எங்கிருந்து வந்தது? ரோட்டிலிருந்து வந்தது.

எங்கள் அப்பா இந்த இடத்தில் செக்குப் போட்டபோது கடைக்கு வலது பக்கம் ஒரு மைல்கல் நின்றது. தலையில் பச்சை வண்ணம் அடித்த கல். மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை பச்சை, தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள். அந்தப் பச்சையில் 'எஸ்.எச்.20' என்று எழுதியிருந்தது. அப்போது கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பஸ் கண்டக்டர்கள் 'இருபது கல் செக்கு' என்று சொல்லி ஆளை இறக்கிவிடுவார்கள். அதுவே சுருங்கி 'இருபது செக்கு' ஆயிற்று. அப்பா அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் டின்னுக்கும் பச்சை மை எடுத்தார்.

பில்லில் ரோட்டின் எண்ணைப் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாபேட்டை என்று சேலம் டவுனுக்குள்ளேயே ஒரு பகுதி இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. நாங்கள் ஈரோடு மாவட்டத்து அம்மாபேட்டை, காவிரிக்கு மேற்குக் கரை. எங்களுக்கு வரவேண்டிய எள்ளு மூட்டை ஒருமுறை சேலத்தில் போய் இறங்கி, நாலு நாள் கழித்து வந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா ரோட்டின் எண்ணையும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னார்.

இந்த ரோட்டை உங்களில் பாதிப் பேர் தினமும் பார்க்கிறீர்கள். இருந்தாலும் முழுதாகப் போனவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். ஈரோட்டில் கிளம்பி அக்ரஹாரம், ஆர்.என்.புதூர் தாண்டி வந்தால் காலிங்கராயன்பாளையம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றைத் தடுத்துக் கட்டிய அணைக்கட்டு அங்கேதான். அதிலிருந்து பிரியும் வாய்க்கால் கோணிக்கோணி நொய்யல் வரை போகிறது. பவானி ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் பவானி டவுன், கூடுதுறை சங்கமேஸ்வரர் கோயில். அந்தக் கோயிலுக்குக் கலெக்டர் வில்லியம் காரோ 1804ல் தந்தத்தில் கட்டில் செய்து கொடுத்ததைப் பவானிக்காரர்களிடம் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள். குழித்தறியில் ஜமக்காளம் நெய்யும் வீடுகளும் இங்கேதான். நம்ம கடலெண்ணெய்க்கு முதல் வாடிக்கையே அந்தத் தறிக்கார வீடுகள்தான். சனிக்கிழமை கூலி வாங்கி, அன்றைக்குச் சாயங்காலமே பாக்கியைத் தீர்க்கும் வீடுகள் அவை.

பவானியில் அந்தியூர் ரோடு இடது பக்கம் பிரிந்துவிடும். நம்ம ரோடு ஆற்றை விடாமல் வடக்கே ஏறும். ஊராட்சிக்கோட்டை மலை, சிங்கம்பேட்டை, அப்புறம் நம்ம அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை. இந்த நீளத்தில் வலது பக்கம் எட்டிப் பார்த்தால் காவிரி ஓடுகிற ஆறாகவே தெரியாது, ஏரி மாதிரி நிற்கும். மின்சாரத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கதவணை கட்டியிருப்பதால் அப்படி. நெரிஞ்சிப்பேட்டையில் படகு ஏறினால் அந்தக் கரை பூலாம்பட்டி, சேலம் மாவட்டம். பூலாம்பட்டியிலிருந்து படகில் தூக்குவாளியோடு வந்து எண்ணெய் வாங்கிப் போகிறவர்கள் இன்றைக்கும் எங்களுக்கு இருக்கிறார்கள். இடது பக்கம் மேட்டூர் மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனம். கிழக்கு, மேற்கு இரண்டு கால்வாயும் சேர்ந்து 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் பாய்கிறது. கால்வாயில் தண்ணீர் திறந்த வருடம் எங்கள் கடையிலும் வியாபாரம் நன்றாக இருக்கும்.

அதற்கு மேலே மேட்டூர். அங்கே ரோடு காவிரியைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போகும். பிறகு மேச்சேரி. பத்ரகாளியம்மன் கோயிலும், ஊர்ப் பெயரையே தாங்கிய செம்மறி ஆடும் அந்த ஊருக்குப் பெருமை. கடைசியில் தொப்பூர், கணவாய்க்குப் பக்கத்தில் பெங்களூரு ரோட்டில் போய்ச் சேரும். ஈரோட்டில் ஆரம்பித்துத் தொப்பூரில் முடியும் இந்த முழு ரோட்டுக்கும்தான் அப்போது இருபது என்று பெயர்.

இது நேற்றுப் போட்ட தடம் இல்லை. 1800ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் இறந்த மறு வருடம், பிரான்சிஸ் புக்கானன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவில் நாட்டைப் பார்த்து எழுத வந்தார். கொள்ளேகால் பக்கமிருந்து காவேரிபுரம் கணவாய் இறங்கி, ஆற்றோரமாகவே நெரிஞ்சிப்பேட்டை வழியாகப் பவானிக்குப் போனார். மைசூர் மேட்டு நிலத்திலிருந்து நம்ம கொங்கு நாட்டுக்கு இறங்கும் பழைய பாதை அது. அவர் இறங்கிய காவேரிபுரத்தை ஒட்டி இப்போது மேட்டூர் அணைத் தண்ணீர் நிற்கிறது.

அணைதான் இந்த ரோட்டின் தலையெழுத்தை மாற்றியது என்று எனக்குப் படுகிறது. 1925ல் ஆரம்பித்த வேலை ஒன்பது வருடம் நடந்தது. கர்னல் எல்லிஸ் போட்ட திட்டம், என்ஜினீயர் முல்லிங்ஸ் தலைமையில் கட்டினார்கள். 4.80 கோடி ரூபாய் செலவு. 1934 ஆகஸ்ட் 21ல் கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்காக எத்தனையோ ஊர்கள் தண்ணீருக்கு அடியில் போயின. அணை வற்றும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். எங்கள் அப்பாயி பிறந்த வீடும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. நந்தி தெரிகிறது என்று பேப்பரில் வந்தால், வெயிலைப் பார்க்காமல் கிளம்பிப்போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு வரும். அந்த ஊர்ச் சனங்களில் ஒரு பகுதி இந்த ரோட்டோரம் வந்து குடியேறினார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். அதனால் இந்த ரோட்டை இல்லாத ரோடு என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எண் எப்படிப் போயிற்று என்பதற்கு வருகிறேன். 2010ல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். தொப்பூர் வழியாகப் போகும் பழைய 7, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 44 ஆனது. பவானியை ஒட்டிப் போகும் சேலம்–கோவை ரோடு, பழைய 47, சேலத்திலிருந்து கொச்சி வரை 544 ஆனது. 44இல் பிரிகிற கிளை என்பதால் முன்னால் ஓர் 5 சேர்த்து 544. 44இன் வேறு சில கிளைகளுக்கு அதே 544ஓடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். நம்ம ரோடு பிற்பாடு மாநிலத்திடமிருந்து தேசிய நெடுஞ்சாலைக் கணக்குக்குப் போனபோது 544எச் என்று பெயர் வைத்தார்கள். ஒரு முனை 44இல், இன்னொரு முனை 544ஐத் தாண்டி ஈரோட்டில். கல்லின் தலையும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டது.

ஆக, எஸ்.எச்.20 என்ற எண் இப்போது இந்த ரோட்டுக்கு இல்லை என்பது சரி. அதை நாங்கள் மறைக்கவில்லை. பில் புத்தகம் மொத்தமாக அச்சடித்துக் கையில் இருந்ததால் ஓட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் போக, அந்த எண்ணை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. புது எண்ணைப் போடாததால் சிலருக்குச் சிரமம் ஆகியிருக்கிறது. மேப்பில் தேடிக் கிடைக்காமல் மேட்டூர் வரை போய்த் திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்கும், பார்சலைத் திருப்பி அனுப்பியபோது அது சேலத்துக்குப் போய் மாட்டிக்கொண்ட சென்னை வாடிக்கையாளருக்கும் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருவருக்கும் புது டின் அனுப்பியாகிவிட்டது. இனி பில்லில் 'தே.நெ. 544எச் (பழைய எஸ்.எச்.20), மேட்டூர் ரோடு, அம்மாபேட்டை, ஈரோடு மாவட்டம்' என்றே இருக்கும். டின்னில் மட்டும் பச்சை இருபது அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், வண்டி ஓட்டின அண்ணனைப் பற்றி. இருபத்தியொரு வருடம் இந்தத் தடத்தில் ஓட்டியவர், போன தையோடு முழங்கால் வலியால் நின்றுவிட்டார். அவருக்கு வீட்டு எண்ணே தேவையில்லை. 'ரெண்டாவது கல்லு தாண்டி, வேப்பமரத்து வீடு' என்பார், டின் சரியாகப் போய்விடும். அவர் மனதில் இருந்ததை நாங்கள் யாரும் எழுதி வாங்கி வைக்கவில்லை, அது எங்கள் தப்பு. இப்போது வந்திருக்கும் தம்பி நல்ல பையன், ஆனால் அந்தியூர்க்காரன், ஆற்றோரம் பழக்கமில்லை. உங்கள் வீட்டு அடையாளத்தைப் போனில் ஒருமுறை அவனிடம் சொல்லிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். வண்டி செவ்வாய்க்கிழமை ஈரோடு, பவானி. வெள்ளிக்கிழமை சிங்கம்பேட்டையிலிருந்து மேட்டூர் வரை. மேட்டூருக்கு அந்தப் பக்கம் தற்சமயம் வண்டி வராது, மேச்சேரி, தொப்பூர்க்காரர்கள் பஸ் பார்சலில் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தேங்காயெண்ணெய் லிட்டருக்கு நாற்பது ரூபாய் கூடியிருக்கிறது, ஒன்றாம் தேதியிலிருந்து.

அந்தச் செய்தி சுற்றிய முதல் நாளே, 'நான் பார்க்கப் பார்க்க ஆட்டித்தான் வாங்கிட்டு வரேன்' என்று நாங்கள் கேட்காமலேயே பதில் போட்ட சிங்கம்பேட்டை டீச்சர் அம்மாவுக்கும், மறுநாள் வழக்கத்தைவிட ஒரு டின் அதிகமாக வாங்கிப் போன பவானித் தறிக்கார அண்ணன்களுக்கும், 2018 வெள்ளத்தில் ஆற்றோரத்து வீட்டிலிருந்து சாமானை எடுக்கும்போதுகூட எங்கள் காலி டின்னைப் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுத்த பாட்டிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் நேரில் வந்து கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். அவர் சார்பிலும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும், அந்தச் செய்தியைப் போட்டவராகவே இருந்தாலும், வாங்க. காலை ஆறு மணிக்குச் செக்கு ஓட ஆரம்பித்து மத்தியானம் ஒரு மணி வரை ஓடும். புதன்கிழமை எள்ளு ஆட்டுகிற நாள். பஸ்ஸில் வருகிறவர்கள் கண்டக்டரிடம் இருபது செக்கு என்றே சொல்லுங்கள், இறக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருபது செக்கு உரிமையாளர்,
மேட்டூர் ரோடு, அம்மாபேட்டை.

பி.கு.: பழைய டின்னைத் திருப்பித் தருகிறவர்களுக்கு வழக்கம்போல் பில்லில் கழித்துக்கொள்கிறோம். மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.