பிளேட்டில் அது தெரியாது

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவிடம் பேசினாயாம், தீக்காய வார்டு பேச்சு வந்ததும் டியூட்டி என்று வைத்துவிட்டாயாம். சரி, நான் எதையும் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டாம் படுக்கைப் பையனுக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வந்துவிட்டது, அசினெட்டோபாக்டர் என்ற கிருமி, கொலிஸ்டினைத் தவிர எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் ரெசிஸ்டன்ட், எதற்கும் சாகாது என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. லேபிலேயே காலம் தள்ளியவனுக்கு இது புரியாதா?

கொலிஸ்டின் 1950களில் புழக்கத்துக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரம் கட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதை யாரும் கேட்டதில்லை, ஓய்வு பெறும்போது டாக்டர்கள் முதலில் கேட்டதே அதைத்தான். வேறு எதுவும் மிச்சமில்லாததால் திரும்பி வந்த மருந்து அது. அதுவும் வெந்த தோலில் ரத்த ஓட்டம் இல்லை, நரம்பில் ஏற்றுவது அங்கே சரியாகப் போய்ச் சேராது, அதனால்தான் அந்தத் தோலைச் சீக்கிரம் வெட்டி எடுத்துவிட்டு வேறு தோலை கிராஃப்ட்டாக வைக்கிறார்கள். உனக்கே பாடம் நடத்துகிறேன் பார்.

கையைக் கழுவு. கிளவுஸ் போட்டிருந்தாலும் கழற்றியதும் கழுவு, டிரெஸ்ஸிங் முடிந்து அடுத்த படுக்கைக்குப் போகும் முன் கழுவு. இதை எழுதிய பிறகுதான் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை அம்மா. அந்தக் கிருமி காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கட்டில் கம்பி, திரைச்சீலை, மானிட்டர் பட்டன், எங்கே வேண்டுமானாலும். சில சமயம் நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே இருப்பதே புண்ணுக்குப் போய்விடும். இரண்டு படுக்கையில் ஒரே கிருமி வளர்ந்தாலும் அது யார் கையில் வந்தது, எந்தப் பொருளில் வந்தது என்று லேபில் கிருமி வளர்க்கும் பிளேட்டில் தெரியாது. எத்தனை பிளேட் பார்த்திருப்பேன், ஒன்றுகூட அதைச் சொன்னதில்லை. நீ மட்டும் அதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு இருக்காதே.

தீக்காய வார்டு வேண்டாம் என்று நான் தலைகீழாக நின்றேன், நீ கேட்டாயா? உன் பிடிவாதம் அப்படி. ஆனால் இப்போது யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் அந்த வார்டின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், அதையும் தெரிந்துகொள். மெசேஜுக்கு ஒரு பதில் போட அப்படி என்ன கஷ்டம் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

வேலையை விடப் போகிறாய் என்று அம்மா நினைக்கிறாள். நான் நினைக்கவில்லை, விட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. விடுவதென்றால் களைத்துப் போய் விடு, இந்தப் பையனுக்காக விடாதே.

புதுக் கேஸ் வந்தால் ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன்னாலேயே கல்ச்சர் எடுத்து அனுப்பச் சொல், காயத்தின் மேல் இருக்கும் களிம்பைத் துடைத்துவிட்டு எடு, லேபில் இருப்பவர்கள் உன்னை வாழ்த்துவார்கள். அப்புறம் கையைக் கழுவு. கையில் தேய்க்கும் கிருமிநாசினி ஹேண்ட்ரப் போட்டுப் போட்டு விரல் வெடித்திருந்தால் கிரீம் தடவு, வெடித்த தோலில்தான் கிருமி அதிகம் தங்கும்.

அக்கா மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வீடியோவை அம்மா அனுப்புவாள்.

அப்பா