ஆணி அடித்த பாதை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் பதில் எழுதாமல் இருந்ததற்கு விரல்கள்தான் காரணம். நுனித் தோல் உரிந்து, பேனா பிடித்தால் எரிந்தது. ஆமாம், போய்ப் பாறை ஏறிவிட்டே வந்தேன்.

மெக்சிகோவில் மான்டெர்ரே நகரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம். எல் போத்ரேரோ சிக்கோ என்று பெயர். சின்னப் பட்டி என்று பொருள் சொல்லலாம். நம் பக்கத்து ஊர்ப் பெயர் மாதிரியே இல்லை? ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், நிமிர்ந்து செங்குத்தாக நிற்கிறது. நாம் யானைமலையின் வழுவழுப்பான முதுகில் பிடி கிடைக்காமல் தவழ்ந்தது நினைவிருக்கிறதா? இது அதற்கு நேர் எதிர். மழைநீர் அரித்த வாய்க்கால்கள், இரண்டு விரல் மட்டும் நுழையும் பொந்துகள், கத்தி விளிம்பு போன்ற செதில்கள். எதைப் பிடிப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. சில பிடிகள் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். அவற்றைத் தொடாமல் தாண்ட வேண்டும்.

"வழியெல்லாம் ஆணி அடித்து வைத்த பாறையில் ஏறுவதில் என்ன வீரம்?" என்று கேட்டிருந்தாய். கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த அந்த ஆணி, அதாவது போல்ட், உன்னைத் தூக்கிவிடாது, மாப்பிள்ளை. விழுந்தால் பிடிக்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டி இரண்டு மீட்டர் ஏறிய பிறகு கை நழுவினால் நான்கு மீட்டருக்கு மேல் விழுவாய். ஆனால் வீரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 46 வயதில் எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

நாங்கள் ஏறியது ஸ்பேஸ் பாய்ஸ் என்ற பாதை. 11 கயிற்று நீளம், அதாவது ஒரு தடவைக்கு ஒரு கயிறு எட்டும் தூரமாக 11 கட்டம். அலுவலக நண்பர் ஒருவரும் நானும் மாறி மாறி முன்னே போனோம். அங்கேயே 23 கயிற்று நீளத்தில் டைம்வேவ் ஸீரோ என்று ஒன்று இருக்கிறது. அது அடுத்த பிறவிக்கு. வீரம் பார்க்க வேண்டுமென்றால் எல் செந்தெரோ லூமினோசோ பாதையைப் பார். 2014 ஜனவரியில் அமெரிக்க ஏறுநர் அலெக்ஸ் ஹானால்ட் கயிறே இல்லாமல் அதில் ஏறினார். 15 கயிற்று நீளம், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அதே பாதையில்தான் 2019 நவம்பரில் பிராட் கோப்ரைட் இறந்தார். அவரும் தேர்ந்த ஏறுநர். கயிறில்லாமல் எத்தனையோ ஏறியவர், கயிற்றில் இறங்கும்போது போனார். இருவர் ஒரே கயிற்றின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். மேலே மாட்டிய இடத்தில் கயிற்றின் நடுப்பகுதி சரியாக அமையாததால் ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது, நுனிகளில் முடிச்சும் இல்லை. அவர் பக்கத்துக் கயிறு தீர்ந்துவிட்டது.

இது தெரிந்திருந்ததால் ஒவ்வொரு இறக்கத்திலும் நுனி முடிச்சை இருவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அப்படியும் ஒரு சோதனை வந்தது. கீழே வந்து முடிச்சவிழ்த்துக் கயிற்றை உருவினால், லெச்சுகியா என்ற முட்கற்றாழையில் சிக்கிக்கொண்டது. பொழுது சாய்கிறது, இடுப்பகலத் திட்டில் இரண்டு பேர், அரை மணி நேரம் சுண்டி, இழுத்து, கெஞ்சி, ஒருவழியாக வந்தது. ஏறும்போது வராத நடுக்கம் அப்போது வந்தது. நண்பர் மிச்சமிருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார். அதை நான்தான் கொண்டுபோயிருந்தேன் என்பது வேறு கதை.

உன் கிணறு தூர்வாரும் வேலை எந்த அளவில் இருக்கிறது? ஆள் கிடைக்காவிட்டால் நானே இறங்கிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். மூத்தவன் பேச்சைக் கேள்: அந்தப் பழைய தாம்புக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு. அடிவரை எட்டுகிறதா என்று அளந்துவிட்டு, நுனியில் முடிச்சு போடு. ஆள் கிடைக்கும்வரை காத்திருந்தாலும் கிணறு எங்கும் போய்விடாது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை