பள்ளிக்கூடம் பாலிகாவின் கையில்: நேபாளத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி ஆயிற்று. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் மகளிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? போட்டோ அனுப்பு.

இங்கே நான் நலம். மழைக்காலம் முடிந்துவிட்டதால் மலைப்பாதைகள் திறந்திருக்கின்றன, வேலையும் கூடிவிட்டது. "தேசிய அளவில் பள்ளிக் கல்வித் திட்டம் போட்டாயிற்று, அச்சடித்தாயிற்று. அப்புறம் ஊர் ஊராகப் போய் அதை மறுபடியும் எழுத எதற்கு ஆள்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2015 செப்டம்பரில் நேபாளத்துக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. அதன் எட்டாவது அட்டவணையில் அடிப்படைக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் உள்ளாட்சிகளின் அதிகாரத்தில் வைத்துவிட்டார்கள். அதுவரை மாவட்டக் கல்வி அலுவலகம்தான் எல்லாம். ஆசிரியர் இடமாற்றம், பள்ளி அனுமதி, புத்தகம், உதவித்தொகை எல்லாமே அங்கேதான் முடிவாகும். இப்போது அந்த வேலை 753 உள்ளாட்சிகளிடம் வந்திருக்கிறது: 6 மாநகராட்சி, 11 துணை மாநகராட்சி, 276 நகராட்சி, 460 கிராமப் பாலிகா. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே 'பாலிகா' என்றே சொல்வார்கள். 2017இல் இந்தப் புதிய அமைப்பின் முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஜெயித்து வந்தவர்களின் மேசைக்கு ரோடு, குடிநீர், சுகாதார நிலையத்தோடு பள்ளிக்கூடமும் வந்து சேர்ந்தது. மாவட்டத்தில் இருந்த பழைய அலுவலகம் சுருங்கி ஒருங்கிணைப்புப் பிரிவாக மட்டும் நிற்கிறது.

இப்போது நடப்பது 2022இல் தொடங்கி 2032 வரை போகும் பத்தாண்டுப் பள்ளிக் கல்வித் திட்டம். காத்மாண்டுவில் கல்வி அமைச்சகம் தயாரித்தது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், யுனிசெஃப் போன்றவையும் இதற்குத் துணை நிற்கின்றன. நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் இதை நிறைவேற்ற வேண்டியவர்கள் பாலிகாக்காரர்கள். அதனால் ஒவ்வொரு பாலிகாவும் தன் ஊருக்கு ஏற்ற கல்வித் திட்டத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கூட இருந்து உதவுவதுதான் என் வேலை.

ஊருக்கு ஏற்ற மாதிரி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார். காத்மாண்டு மாநகராட்சியில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மனாங் மாவட்டத்தில் நார்பா பூமி என்றொரு கிராமப் பாலிகா இருக்கிறது, அங்கே மொத்தமே சில நூறு பேர்தான். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே அதிகாரம், ஒரே தேசியத் திட்டம். காத்மாண்டுவில் கல்விக்கென்றே ஒரு துறை நடக்கிறது. சிறிய பாலிகாக்களில் கல்விப் பிரிவு என்றால் ஓர் அதிகாரியும் ஓர் உதவியாளரும் இருந்தாலே அதிர்ஷ்டம். அந்த அதிகாரியே காலையில் மதிய உணவுக் கணக்குப் பார்க்கிறார், மதியம் எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஏற்பாடு செய்கிறார். அந்தத் தேர்வும் இப்போது பாலிகாவின் பொறுப்பு. இதற்கு நடுவில் அவர் பத்தாண்டுத் திட்டமும் எழுத வேண்டும்.

எழுத நேரமில்லாதவர் என்ன செய்வார்? வெளியில் யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்குவார். தெற்கே தராய் சமவெளியில் ஒரு பாலிகாவின் திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வெயிலும் வெள்ளமும்தான் அந்த ஊரின் பிரச்சினை. நடுவில் ஒரு பக்கத்தில், "பனிப்பொழிவுக் காலத்தில் பள்ளிகள் மூடப்படுவதைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு வரி. ஏதோ ஒரு மலைப் பாலிகாவுக்கு எழுதியதை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, அழகாக பைண்டு செய்து கொடுத்துவிட்டார்கள். பாலிகாவின் சபையும் அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி அந்த நூறு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே நான் எங்கே போனாலும் எழுத ஆரம்பிப்பதில்லை. அவர்கள் எவ்வளவு கேட்டாலும் சரி, எழுதிக் கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். முதலில் பள்ளிகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். ஒவ்வொரு பள்ளியும் மாணவர் விவரங்களைக் கல்வித் தகவல் மென்பொருளில் ஏற்றுகிறது. காத்மாண்டுவுக்கு அனுப்புவதற்கு என்றுதான் பலரும் அதை ஏற்றுகிறார்கள். தங்கள் ஊருக்காக அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

ஒரு மலைப் பாலிகாவில் நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலை வரிசைப்படுத்தியதும் ஒரு பள்ளி மேலே வந்தது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள், பல குடும்பங்கள் கீழே பஜாருக்கு இறங்கிவிட்டன. கீழே உள்ள பள்ளியில் ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள். இரண்டையும் இணைத்துவிடலாம் என்று பாலிகாத் தலைவர் சொன்னார். தேசியத் திட்டமும் அதைத்தான் சொல்கிறது: பள்ளிகள் எங்கெங்கே தேவையோ அதற்கேற்ப இணைப்பு, இடமாற்றம் செய்யலாம். வரைபடத்தில் தூரம் அரை மணி நேர நடைதான்.

அப்போது வார்டு உறுப்பினரான ஒரு பெண் பேசினார். இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண்ணாக இருந்தே ஆக வேண்டும். அது சட்டம். இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் கும்பிடலாம். அந்த இடத்தில் வந்தவர்தான் இவர். அவர் சொன்னது இதுதான்: நடுவில் ஓர் ஓடை இருக்கிறது, ஆடி ஆவணியில் பெரியவர்களாலேயே அதைத் தாண்ட முடியாது. மேலே மிச்சம் இருக்கும் வீடுகள் எல்லாம் தங்கள் வீடுகள்தான், கீழே இறங்க வசதி இருந்தவர்கள் எப்போதோ இறங்கிவிட்டார்கள். பள்ளியை மூடினால் அந்த ஒன்பது பேரும் மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பார்கள்.

அவர் பேசி முடித்ததும் கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வரை பேசினோம். கடைசியில் மூன்றாம் வகுப்பு வரை மேலேயே ஓர் ஆசிரியரோடு நடத்துவது, மற்ற இரண்டு ஆசிரியர்களைக் கீழே அனுப்புவது, நான்கு ஐந்து படிக்கும் பிள்ளைகள் கீழே போவது, ஓடைக்கு நடைபாலம் கட்டுவதைக் கல்விச் செலவாகவே பட்ஜெட்டில் காட்டுவது என்று முடிவானது. பாலம் முடியும்வரை பெரிய பிள்ளைகளும் மேலேயே இருப்பார்கள். காத்மாண்டுவில் உட்கார்ந்து யாராலும் இப்படி ஒரு முடிவை எழுதியிருக்க முடியாது. திட்டத்தை உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

மேற்கே கர்ணாலிப் பக்கம் இன்னொரு விதம். டோல்பா, ருகும் மலைகளில் வைகாசி வந்தால் யார்ஷாகும்பா எடுக்க ஊரே மேலே ஏறிவிடும். புழுவின் மேல் முளைக்கும் ஒருவகைப் பூஞ்சை அது, மருந்துச் சந்தையில் தங்கம் மாதிரி விலை போகும். சின்னக் கண்களுக்குத்தான் அது புல்லுக்கு நடுவில் சட்டென்று தெரியும் என்பதால் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். குடும்பத்தின் வருஷ வருமானமே அந்தச் சில வாரங்களில்தான். வராதவர்கள் என்று வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு என்ன பயன்? அந்த நாட்களை விடுமுறையாக்கி, பாடத்தை வேறு மாதங்களில் ஈடு செய்வதுதான் வழி. பள்ளி நாட்காட்டியை ஊருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வதில் பாலிகாவுக்கு இடம் இருக்கிறது.

மொழி விஷயமும் அப்படியே. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 124 தாய்மொழிகள் பதிவாகியிருக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை 100 மதிப்பெண்ணுக்கு உள்ளூர்ப் பாடம் வைத்துக்கொள்ளலாம். காத்மாண்டு மாநகராட்சி அதில் நேபாள் பாஷாவை, அதாவது நேவார்களின் மொழியை, வைத்துவிட்டது. பணமும் ஆளும் இருக்கிறது, பாடநூல் போட முடிந்தது. ஒரே வார்டில் மூன்று மொழி பேசும் சிறிய பாலிகா எந்த மொழியில் புத்தகம் போடும், யாரை வைத்து எழுதும்? பக்கத்துப் பாலிகாக்கள் சேர்ந்து ஒரே புத்தகம் போடலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் கைகூடவில்லை.

பணம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். மத்தியில் இருந்து வரும் கல்விப் பணம் பெரும்பாலும் நிபந்தனை மானியம். ஆசிரியர் சம்பளம் இவ்வளவு, உதவித்தொகை இவ்வளவு, மதிய உணவுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்தே வரும். சம்பளத் தலைப்பில் மிச்சமானதை எடுத்து வகுப்பறைக் கூரைக்குப் போட முடியாது. பாலிகா தன் இஷ்டப்படி செலவு செய்யக்கூடிய பணம் நிபந்தனை இல்லாமல் வரும் சமன்படுத்தும் மானியத்திலும் சொந்த வரியிலும்தான் இருக்கிறது, அதன் மேல் எல்லா வார்டுத் தலைவர்களுக்கும் கண். ரோடு வெட்ட டோசர் வேண்டும் என்பார்கள். ரோடு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் கல்வித் திட்டத்தில் பணக் கணக்கு இல்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று நான் அடம் பிடிக்கிறேன்.

காலக் கணக்கும் உண்டு. இவர்களுடைய மாதங்கள் ஏறக்குறைய நம் மாதங்களோடே போகின்றன. மத்திய பட்ஜெட் ஜேட் 15, அதாவது நம் வைகாசி பாதியில் வரும். பாலிகா தன் பட்ஜெட்டை அசார் 10க்குள், ஆனி பத்துக்குள், சபையில் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒரு மாதத்துக்கும் குறைவு. அந்த அவசரத்தில் யாரும் திட்டத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். தை மாசியிலேயே எந்தப் பள்ளிக்கு என்ன, எவ்வளவு என்று முடிவு செய்து நாலு பக்கத்தில் வைத்திருந்தால் பட்ஜெட்டில் அது ஏறும். நூறு பக்கம் எழுதினால் அலமாரியில்தான் இருக்கும்.

ஆசிரியர்கள் பற்றி நீ கட்டாயம் கேட்பாய். பாலிகாவின் கீழ் வர அவர்களுக்கு விருப்பமில்லை. 2023இல் பள்ளிக் கல்வி மசோதா வந்தபோது காத்மாண்டு வீதிகளில் திரண்டார்கள். 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட மாதம் முழுக்கப் போராட்டம். புதிய கல்வியாண்டு தொடங்கும் நேரம் அது. நடுவில் கல்வி அமைச்சர் ராஜினாமா செய்தார். மசோதா நிறைவேறுவதற்குள் செப்டம்பரில் பிரதிநிதி சபையே கலைந்துபோயிற்று. முப்பது வருஷம் ஆசிரியராக இருந்தவள் நீ, அவர்கள் பயம் உனக்குப் புரியும். உள்ளூர்க் கட்சிக்காரர் நினைத்தால் ஓர் ஆசிரியரைத் தூக்கி மூலையில் போட முடியும் என்றால் யார் நிம்மதியாகப் பாடம் நடத்துவார்கள்? அந்தப் பயத்தைத் தீர்க்கும் விதிகள் வேண்டும். ஆனால் அதற்காகப் பள்ளியைத் திரும்பவும் மாவட்டத்துக்கே கொண்டுபோவதை நான் ஏற்க மாட்டேன். மாவட்ட அலுவலகம் அப்படியே இருந்திருந்தால் அந்த வார்டு உறுப்பினர் எந்தக் கூட்டத்தில் எழுந்து பேசியிருப்பார்?

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை. மேலே சொன்ன அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியரே மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்தப் போகிறார். இளைஞர், ஆர்வம் இருக்கிறது, ஆனால் இப்படிச் செய்து பழக்கமில்லை. நம் ஊரில் செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் ஒன்று முதல் நான்கு வரை பிள்ளைகளைத் தரையில் கலந்து உட்கார வைத்து, பாட அட்டைகளும் கற்றல் ஏணிப் படமும் வைத்து நடத்தினாயே, அதைப் பற்றி விவரமாக எழுது. காலையில் முதலில் யாரைக் கவனிப்பாய், முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பாய், ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய குழு எது, தானாகப் படிக்கக்கூடிய குழு எது, இதெல்லாம் வேண்டும். சரிவராமல் போனதையும் எழுது. நான் ஆங்கிலத்தில் சொல்ல, கல்விப் பிரிவு அதிகாரி நேபாளியில் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பழைய அட்டைகள் ஏதாவது பரணில் கிடந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நீயே பரணில் ஏறாதே, யாரையாவது ஏறச் சொல்.

தை பிறந்ததும் ஒரு வாரம் ஊருக்கு வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி