எலும்பு முறிந்தால் புற்று பரவிவிட்டது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஹெப்பட்டோபிளாஸ்டோமா. இதில் சில குழந்தைகளுக்கு, மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே எலும்பு மெலிந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கும். ‘எலும்புக்கும் போய்விட்டது, இனி என்ன இருக்கிறது’ என்று மும்பையிலிருந்து ஊருக்கு டிக்கெட் போட நினைக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறோம். இந்தக் கட்டி பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். எலும்புக்குப் போவது அபூர்வம். கட்டியை அகற்றிய பிறகு எலும்பு தேறியதும் உண்டு. பரவலா, மெலிவா என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

நடந்த பிள்ளை நடக்க மறுத்தால், தூக்கினால் வீறிட்டால், உட்கார வைத்தால் அழுது படுத்தால் அடங்கினால், முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். எலும்பின் சத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் மெலிவு தெரியும். அதனால் ‘நார்மல்’ என்று வந்தும் வலி நிற்காவிட்டால் மறுபடி போங்கள். தாராவியிலும் சயானிலும் வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்வது ‘உரம் விழுந்திருக்கு’. சேலையில் போட்டு உருட்டுவது, சுளுக்கு வழிப்பது இரண்டும் மெலிந்த முதுகெலும்பை மேலும் நசுக்கும். குடலேற்றம் என்று வயிற்றை நீவுவது அதைவிட ஆபத்து: கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசியலாம்.

மருந்தும் எலும்பைத் தொடும். இந்தப் புற்றுக்கு ஏற்றும் முக்கிய மருந்தான சிஸ்பிளாட்டின் சிறுநீரில் மெக்னீசியத்தை இழக்கச் செய்கிறது. மெக்னீசியம் குறைந்தால், ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது, கால்சியமும் இறங்கும். அந்த நிலையில் கால்சியம் சிரப்பை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது, முதலில் மெக்னீசியத்தைச் சரிசெய்ய வேண்டும். கைவிரல்கள் இழுத்துக்கொண்டாலோ வலிப்பு வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு மருந்துச் சுற்றிலும் ரத்தத்தில் மெக்னீசியம், கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் பார்த்தார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வைட்டமின் டி சொட்டுமருந்தில் ஒரு மில்லிக்கு 400 யூனிட்டும் உண்டு, 800 யூனிட்டும் உண்டு. 60,000 யூனிட் குப்பியும் அதே கடையில் கிடைக்கிறது. பெரியவர்கள் வாரம் ஒன்று குடிக்கும் அந்தக் குப்பியைத் தாமாகவே பிள்ளைக்குக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறி, ஏற்கெனவே சிஸ்பிளாட்டினால் சோர்ந்த சிறுநீரகம் தாங்காது. லேபிளைப் படித்து, அதோடு வந்த டிராப்பரிலேயே அளந்து கொடுங்கள்.

தூக்கும் விதம் முக்கியம். அக்குளில் கைகொடுத்தோ, ஒரு கையைப் பிடித்தோ தூக்கக் கூடாது. லோக்கல் ரயிலில் ஏறும் அவசரத்தில் இதுதான் மறந்துபோகும். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மறு கை இடுப்புக்கடியில் இருக்கட்டும். டயப்பர் மாற்றக் கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல் பக்கவாட்டில் புரட்டுங்கள். அதற்காகப் பிள்ளையை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைப்பதும் தவறு, அசைவில்லாத எலும்பு இன்னும் மெலியும். எப்போது நிற்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

வலிக்கு ஐபுபுரூஃபன் வேண்டாம். சிறுநீரகத்துக்கும் ரத்தக் கசிவுக்கும் கேடு. பாராசிட்டமால் கொடுக்கும் முன் காய்ச்சல் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொற்று இருப்பதே தெரியாமல் போய்விடும்.

மும்பை மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கில டிஸ்சார்ஜ் தாளோடு, தூக்கும் முறையும் மருந்தளவும் எழுதிய ஒரு தாளைத் தமிழிலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் தமிழ்ச் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்
மும்பை