அந்த மனுவுல நான் ஏன் கையெழுத்து போடல

அன்புள்ள அக்கா,

மலைமுகட்டுல காத்தாடி, அதாவது காத்துல கரண்ட் எடுக்குற பெரிய டர்பைன், வைக்கக்கூடாதுன்னு நீங்க அனுப்புன மனுவ மூணு தடவ படிச்சேன். மூணு தடவையும் கையெழுத்து போடுற பட்டன் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிட்டேன். அப்புறம் நீங்க வெறும் ரெண்டு கேள்விக்குறி மட்டும் அனுப்புனீங்க, அதுக்கு வாட்ஸ்அப்புல பதில் சொன்னா கண்டிப்பா சண்டையில முடியும்னு தெரியும், அதான் உக்காந்து நீளமா எழுதுறேன். கோவம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

அந்த மலைமுகட்டுல காத்தாடி வந்தா வலசை போற கழுகுங்களுக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்களே, அது சரிதான். எனக்கு பைனாகுலர் பிடிக்க கத்துக்கொடுத்ததே நீங்க. வானத்துல ஒரு புள்ளி தெரிஞ்சாலே அது வட்டம் போடுற தினுச வச்சு பேர் சொல்ற ஆளு, உங்ககிட்ட வந்து நான் கழுகு பத்தி பாடம் எடுக்கப்போறதில்ல. என் பிரச்சன மனுவோட மூணாவது பாரா. நிலக்கரி வேண்டாம், அணு உலை வேண்டாம், பெரிய அணை வேண்டாம், காத்தாடி வேண்டாம், சோலார் பார்க் வேண்டாம். சரி, அப்ப எது வேணும்? மேலயும் கீழயும் தேடிட்டேன், அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

இது ஏன் எனக்கு உறுத்துதுன்னா, கரண்ட் விஷயத்துல "எதுவுமே இல்ல"ன்னு ஒரு பதிலே கிடையாது. இந்த நொடி மக்கள் எவ்வளவு இழுக்குறாங்களோ, அவ்வளவும் இதே நொடியில எங்கயோ ஒரு இடத்துல உற்பத்தியாகி வந்தாகணும். பேட்டரி, தண்ணிய மேல ஏத்தி வச்சு அப்புறம் கரண்ட் எடுக்குற நீரேற்று நிலையம்னு கொஞ்சம் சேத்து வைக்கலாம், ஆனா அதுக்குள்ளயும் யாராவது ஊத்தணும்ல. அதனால நாம ஒரு புது திட்டத்த நிறுத்துனா அந்த இடம் காலியா இருக்காது, இந்த வருஷம் மூடிடலாம்னு வச்சிருந்த பழைய நிலக்கரி பாய்லர "இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிக்கலாம்"னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து போட்டுடுவாங்க, அதுக்கு கருத்துக்கேட்பு கூட்டமும் கிடையாது, நம்மள மாதிரி ஆளுங்க போய் மைக் பிடிக்கவும் வழி கிடையாது, ஏன்னா அது ஏற்கனவே அங்க நிக்குது, கண்ணுக்கு பழகிப்போச்சு.

உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஆளு டேவிட் பிரவர், சியரா கிளப்ங்கற அமெரிக்க இயற்கை பாதுகாப்பு அமைப்ப நடத்துனவரு, அவர் கதையவே எடுத்துக்கலாம். 1960கள்ல கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு பக்கம் கொலராடோ ஆத்துல ரெண்டு அணை கட்ட அமெரிக்க அரசு திட்டம் போட்டுச்சு. அரிசோனாவுக்கு ஆத்து தண்ணிய மேட்டுல ஏத்திக் கொண்டுபோகணும், அந்த பம்புக்கு கரண்ட் வேணும், அந்த செலவுக்கு காசும் வேணும், ரெண்டும் இந்த அணைங்கள்ல இருந்து வரும்னு கணக்கு. பிரவரும் சியரா கிளப்பும் 1966ல பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் குடுத்து நாட்டையே எழுப்பி விட்டாங்க, வரித்துறை அவங்க நன்கொடைக்கு இருந்த வரிச்சலுகைய தூக்குச்சு, அதுவும் சேந்து இன்னும் பேர் வாங்கிக் குடுத்துச்சு. 1968ல சட்டம் வந்தப்ப அதுல அணை ரெண்டும் இல்ல. ஜெயிச்சாச்சு.

நீங்க எப்பவும் கதைய இங்க நிறுத்திடுவீங்க. தண்ணி திட்டம் அதே சட்டத்துல அப்படியேதான் இருந்துச்சு அக்கா, பம்புக்கு கரண்ட் வேணும்ங்கறதும் அப்படியே இருந்துச்சு. அணை எதுக்கு, நிலக்கரியும் அணு உலையும் அதவிட மலிவா வருமேன்னு வாதம் வச்சதே சியரா கிளப் தரப்புதான். அவங்க கேட்டது கிடைச்சுச்சு. 1970கள்ல பேஜ்ங்கற ஊர் பக்கத்துல நவஹோ அனல் மின் நிலையம் வந்துச்சு, 2,250 மெகாவாட், ஒவ்வொண்ணும் 230 மீட்டருக்கு மேல உசரமா மூணு புகைபோக்கி. நவஹோ, ஹோப்பி பழங்குடி மக்களோட மண்ண தோண்டி நிலக்கரி எடுத்து, சுமார் 125 கிலோமீட்டர் தூரம் ரயில்ல கொண்டுவந்தாங்க, அந்த ரயிலும் கரண்ட்ல ஓடுற ரயில், நிலக்கரி கொண்டுவர நிலக்கரி கரண்ட். குளிர்காலத்துல அந்த புகை போய் எங்க படிஞ்சுச்சு தெரியுமா, கிராண்ட் கேன்யன்லயே. பள்ளத்தாக்கு மங்கலா தெரியுதுன்னு பிரச்சன பெருசாகி, 1991ல ஒரு ஒப்பந்தம் போட்டு, அப்புறம்தான் கந்தகத்த வடிகட்ட ஒத்துக்கிட்டாங்க. அந்த நிலையம் மூடுனது 2019 நவம்பர்ல.

நான் அங்க இருந்திருந்தா அந்த அணைக்கு ஆதரவா கை தூக்கியிருப்பேனான்னா, மாட்டேன். அந்த பள்ளத்தாக்க தண்ணிக்குள்ள விட மனசு வராது. ஆனா அந்த புகைபோக்கி மூணுக்கும் நானும் ஒரு செங்கல் எடுத்து வச்சேன்னு ஒத்துக்கிட்டிருப்பேன். உங்க மனுவுல அந்த ஒத்துக்குற வரிய காணோம்னுதான் சொல்றேன்.

ஆஸ்திரியாவுல நடந்தது இதவிட வேடிக்கை. ஸ்வென்டென்டார்ஃப்ல அணு உலைய முழுசா கட்டி முடிச்சிட்டாங்க, அதுக்கப்புறம் 1978 நவம்பர்ல வாக்கெடுப்பு, வேண்டாம்னு 50.5 சதவீதம், ஓட்டு வித்தியாசம் 30,000 கூட இல்ல. ஒரு நாள் கூட ஓடாத உலை அது. பக்கத்துலயே டுர்ன்ரோர்ல நிலக்கரி நிலையம் கட்டி 1980கள்ல இருந்து 2019 வரைக்கும் அங்க நிலக்கரி எரிச்சாங்க. இதுக்கு நடுவுல 1984 டிசம்பர் குளிர்ல ஹைன்பர்க் பக்கம் டான்யூப் ஆத்துக்கரை காட்டுல ஆயிரக்கணக்கான பேர் கூடாரம் போட்டு உக்காந்து ஒரு நீர்மின் திட்டத்த நிறுத்துனாங்க. அந்த காடு 1996ல தேசியப் பூங்கா ஆச்சு. ஹைன்பர்க்ல உக்காந்தவங்க செஞ்சது சரின்னுதான் எனக்கு தோணுது. ஸ்வென்டென்டார்ஃப் விஷயத்துல எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்ல, நீங்க அடிக்க வருவீங்கன்னு தெரியும்.

ஏன் நிச்சயம் இல்லன்னா சாவுக் கணக்கு. விபத்து, காத்து மாசு எல்லாம் சேத்து, ஒரு டெராவாட் மணிக்கு, அதாவது 100 கோடி யூனிட்டுக்கு, நிலக்கரி எடுக்குற உயிர் சுமார் 25. காத்தாடி, சோலார், அணு மூணும் 0.1க்கு கீழ, செர்னோபில் அணு உலை விபத்த சேத்து போட்டாலும் அப்படித்தான். நீர்மின்சாரம் 1.3 பக்கம் வருது, அதுலயும் பெரும்பங்கு 1975ல சீனாவுல பான்ச்சியாவ் அணை உடைஞ்சதுல செத்தவங்க. ஆனா காத்தாடிக்கு கீழ விழுந்த கழுகுக்கு போட்டோ இருக்கு, உங்க மனுவுலயே பெருசா இருக்கு, பாத்ததும் எனக்கு தொண்டை அடைச்சுது. நிலக்கரி புகையில நெஞ்சு கெட்டு செத்தவங்களுக்கு அப்படி ஒரு போட்டோ எடுக்க முடியாது, சர்ட்டிபிகேட்ல மாரடைப்புன்னு போட்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்துல காத்தாடி ஆளுங்க பூனை கணக்கு ஒண்ணு கொண்டுவருவாங்க, கேட்டிருப்பீங்க. அமெரிக்காவுல பூனைங்க வருஷத்துக்கு 130 கோடிக்கு மேல பறவைய கொல்லுது, காத்தாடி கொல்றது சில லட்சம்தான்னு. எனக்கு அந்த வாதம் சுத்தமா பிடிக்காது. பூனை பிடிக்கிறது குருவியும் மைனாவும். வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ குஞ்சு பொரிச்சு, பறக்க கத்துக்கொடுத்து, அது பெருசாகி ஜோடி சேர நாலஞ்சு வருஷம் ஆகுற பொன்னாங்கழுக எந்த பூனையும் பிடிக்காது. கலிஃபோர்னியாவுல அல்டமான்ட் கணவாய்ல 1980கள்ல எதுவும் பாக்காம ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன காத்தாடிய நட்டு, வருஷத்துக்கு பல டஜன் பொன்னாங்கழுக வெட்டிச் சாகடிச்சாங்களே, அதுக்கு பூனைய காட்டி தப்பிக்க முடியாது. உங்கள மாதிரி ஆளுங்க கேஸ் போட்டு கத்துனதாலதான் பழசையெல்லாம் கழட்டி, இடம் பாத்து, எண்ணிக்கைய கொறச்சு பெரிய காத்தாடியா மாத்த ஆரம்பிச்சாங்க. இன்னமும் அங்க சாவு நிக்கல, அதையும் சொல்லணும்.

ராஜஸ்தான் புல்வெளியில வாழுற கானமயிலும் அப்படித்தான். 15 கிலோ வரைக்கும் கனக்குற பறவை, நேர் எதிர்ல இருக்கிறத சரியா பாக்காத கண்ணு, சோலார் பார்க்குல இருந்து வர்ற டவர் லைன் கம்பி தெரியிறப்போ திரும்ப நேரம் இருக்காது. மொத்தமே 150க்கும் கம்மியா மிஞ்சியிருக்குற பறவைக்கு "வேற எங்கயாவது போ"ன்னு சொல்ல முடியுமா? உச்ச நீதிமன்றம் 2021ல கம்பிய மண்ணுக்கு அடியில போடச் சொல்லுச்சு, 2024 மார்ச்ல அத தளத்தி ஒரு நிபுணர் குழு கிட்ட குடுத்துடுச்சு. தளத்துனது எனக்கு வருத்தம்தான். சோலார் பேனல நூறு இடத்துல வைக்கலாம், கானமயிலுக்கு அந்த புல்வெளிய விட்டா வேற போக்கிடம் இல்ல. கேரளாவுல சைலன்ட் வேலி காட்டுல இருக்குற சோலைமந்திக்கும் அதேதான். 1983ல அங்க கட்ட இருந்த அணைய கைவிட்டது சரி, இன்னைக்கு கேட்டாலும் சரி.

அப்ப எனக்கு எங்க இடிக்குதுன்னா, கேப் காட் மாதிரி இடத்துல. 2001ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கரையோரம் கடல்ல நூத்துக்கும் மேல காத்தாடி வைக்கலாம்னு ஒரு திட்டம் வந்துச்சு. எதிர்த்தவங்க யாருன்னு பாத்தா, கரையில வீடு வச்சிருந்த பணக்காரங்க, அதுல சுற்றுச்சூழல் வக்கீல்னு பேரெடுத்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரும் ஒருத்தர், கூடவே நிலக்கரி, எண்ணெய் வியாபாரத்துல சம்பாதிச்ச பில் கோக் காசு. எல்லாரும் பறவை, மீன், கடல்னுதான் பேசுனாங்க. பதினாறு வருஷம் இழுத்து 2017ல கம்பெனி கைய விட்டுடுச்சு. அதே மாநிலத்துல பிரேட்டன் பாயின்ட் நிலக்கரி நிலையம் அதே 2017 வரைக்கும் எரிஞ்சிட்டு இருந்துச்சு. பறவை பேர யாரு வேணும்னாலும் கடன் வாங்கிக்கலாம் அக்கா, வாங்குனவங்க எதுக்கு வாங்குறாங்கன்னு நாமதான் பாக்கணும். உங்க மனுவ ஷேர் பண்ணவங்க லிஸ்ட்ட கொஞ்சம் நிதானமா பாருங்க, சில பேரு இதுக்கு முன்னாடி பறவை பத்தி ஒரு வரி கூட எழுதுனதில்ல.

அதுக்காக காத்தாடி கம்பெனி எல்லாம் உத்தமன்னு சொல்லல. நார்வேயில ஃபோசன்ல 151 காத்தாடி, சாமிங்கற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கிற நிலத்துல. அது அவங்க உரிமைய மீறுதுன்னு 2021ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, ஆனா காத்தாடி நிக்காம சுத்துச்சு. 2023ல இளைஞருங்க அமைச்சகத்து வாசல்ல உக்காந்தப்புறம்தான் அரசு இறங்கி வந்துச்சு. பச்சைன்னு பேர் வச்சுட்டா யார் நிலத்துலயும் நுழையலாம்ங்கற திமிரு எனக்கும் ஆகாது.

நீங்க இப்ப என்ன சொல்வீங்கன்னு தெரியும், "தேவைய குறைக்கணும்டா". குறைக்கணும், நிறைய வீண் பண்றோம். ஆனா உலகத்துல 60 கோடிக்கு மேல ஆளுங்க வீட்டுல இன்னும் கரண்டே இல்ல, 200 கோடிக்கு மேல ஜனங்க விறகும் சாணியும் கரியும் எரிச்சுதான் சமைக்குறாங்க, அவங்ககிட்ட போய் எத குறைக்கச் சொல்றது? வண்டி, அடுப்பு, ஆலை எல்லாத்தையும் எண்ணெய்ல இருந்து பிரிச்சு கரண்டுக்கு கொண்டுவந்தா மொத்த எரிசக்தி குறையும், ஆனா கரண்ட் தேவை ஏறத்தான் செய்யும். இதுல இருந்து தப்பிக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஸ்பெயின்ல டரிஃபான்னு ஒரு இடம், ஐரோப்பாவுல இருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போற கழுகும் பருந்தும் கடல் தாண்டுற ஜலசந்தி வாசல். அங்கயே காத்தாடியும் நிக்குது, கிரிஃபான் பிணந்தின்னிக் கழுகுங்க நிறைய செத்துச்சு. 2008ல இருந்து என்ன பண்ணாங்கன்னா, பைனாகுலரோட ஆளுங்கள உக்கார வச்சாங்க. கழுகு ஆபத்தான வழியில வருதுன்னு தெரிஞ்சா கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன், எந்த காத்தாடின்னு சொன்னா சில நிமிஷத்துல அத மட்டும் நிறுத்திடுவாங்க, கூட்டம் தாண்டுனதும் திரும்ப ஓட விடுவாங்க. சாவு பாதியா குறைஞ்சுச்சு. நஷ்டமான மின்சாரம் 0.07 சதவீதம். நார்வேயில ஸ்மோலாங்கற இடத்துல மூணு இறக்கையில ஒண்ணுக்கு கருப்பு பெயின்ட் அடிச்சாங்க, பறவை சாவு 70 சதவீதம் குறைஞ்சுச்சாம், நாலே நாலு காத்தாடியில பாத்ததுங்கறதால அத நான் பெருசா தூக்கிப் பிடிக்கல. டரிஃபா விஷயம் அப்படி இல்ல.

அதனால என் வேண்டுகோள். மூணாவது பாராவ எடுத்துடுங்க. அதுக்கு பதிலா, முகட்டு உச்சியில இருக்குற காத்தாடிங்கள பின்னாடி தள்ளு, வலசை மாசத்துல பகல் முழுக்க ஆள் வச்சு பாரு, அவங்க போன் பண்ணா நிறுத்து, எத்தன பறவை செத்துச்சுன்னு கம்பெனி இல்லாத வெளியாள் எண்ணட்டும், இது எதுக்கும் ஒத்துக்கலன்னா அனுமதி தராதேன்னு எழுதுங்க. நான் ஒரு டிராஃப்ட் போட்டு இதோட அனுப்பியிருக்கேன், தமிழ் சுமார்தான், திருத்திக்கோங்க. அப்படி எழுதுனா முதல் கையெழுத்து என்னது.

அப்புறம் அங்க பைனாகுலரோட உக்காந்து போன் பண்ற ஆளு யாருன்னு கம்பெனிக்காரன் கேட்டா, புள்ளியா இருக்கும்போதே கழுக பேர் சொல்லி கூப்பிடுற ஒருத்தர எனக்கு தெரியும்னு உங்க பேரத்தான் குடுக்கப்போறேன். ஞாயித்துக்கிழம காலையில போன் பண்றேன், திட்டுறதா இருந்தா அப்ப திட்டுங்க.

உங்க தம்பி